30 கிலோமீட்டர் உயரத்தில் எந்த சென்சாரை நம்பலாம்? – வாசகர் கேள்வி பதில்

வானிலை பலூனில் சின்னப் பெட்டி ஒன்றைக் கட்டி மேலே அனுப்பி வெப்பநிலை, அழுத்தம், கதிர்வீச்சு எல்லாம் அளக்க விரும்புகிறவர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். கேட்டவர்களில் பலர் மாணவர்கள், மற்றவர்களும் கைக்காசு போட்டுச் செய்கிறவர்கள். அதனால் விலை குறைந்த, எளிதில் கிடைக்கிற சென்சார்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கேள்வி: கல்லூரியில் நாலு பேர் சேர்ந்து பலூன் விடப்போகிறோம். பிஎம்இ280 என்ற ஒரே சென்சாரில் அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் மூன்றும் கிடைக்கிறதே, அது போதாதா சார்?

சுமார் 9 கிலோமீட்டர் வரை போதும். அதற்கு மேல் போதாது.

அதன் டேட்டாஷீட்டை (தயாரிப்பாளர் தரும் விவரத் தாள்) திறந்து அழுத்த வரம்பைப் பாருங்கள், 300 முதல் 1100 ஹெக்டோபாஸ்கல் என்று இருக்கும். 300 ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறத்தாழ 9 கிலோமீட்டர் உயரத்து அழுத்தம். உங்கள் லேடெக்ஸ் பலூன் வெடிக்கப்போகிற 30 கிலோமீட்டரில் இருப்பதோ வெறும் 12 ஹெக்டோபாஸ்கல். ஆக, ஏறும் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அந்த சென்சார் தன் வரம்புக்கு வெளியே இருக்கிறது. பிஎம்பி180, பிஎம்பி280, பிஎம்பி388 எல்லாவற்றுக்கும் கீழ்வரம்பு அதே 300 என்பதால், அதே குடும்பத்தில் புதிய மாடல் வாங்கியும் பயனில்லை.

வரம்பு தாண்டியதும் சென்சார் நின்றுபோனால் பரவாயில்லை, நமக்குத் தெரிந்துவிடும். அது நிற்காது. ஏதோ ஒரு எண்ணைத் தந்துகொண்டே இருக்கும், அதை வரைபடமாகப் போட்டால் கோடு வழவழவென்று அழகாக வரும், பார்க்கிறவர்கள் நம்பிவிடுவார்கள். விலை மலிந்த சென்சாரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்பது இது எவ்வளவு துல்லியம் என்பதை அல்ல. எந்த உயரத்துக்கு மேல் இது சொல்வதை நம்பக்கூடாது என்பதை. இதற்குப் பதில் தெரியாத சென்சாரைப் பெட்டியில் வைக்காதீர்கள்.

உங்கள் வேலைக்கு எம்எஸ்5611 அல்லது எம்எஸ்5607 வாங்குங்கள். இரண்டும் 10 ஹெக்டோபாஸ்கல் வரை, அதாவது சுமார் 31 கிலோமீட்டர் வரை அளக்கும். சிறிய போர்டாகவே கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குளிரில் இதன் அளவு பிசகும் என்பதால் டேட்டாஷீட்டில் இரண்டாம் நிலைத் திருத்தம் என்று ஒரு கணக்கு கொடுத்திருக்கிறார்கள், 20 டிகிரிக்குக் கீழே ஒரு சூத்திரம், மைனஸ் 15க்குக் கீழே கூடுதலாக இன்னொன்று. இணையத்தில் கிடைக்கும் எளிய லைப்ரரிகள் (ஆயத்த நிரல்கள்) சிலவற்றில் இந்தப் பகுதியே இருப்பதில்லை. நிரலைத் திறந்து, அது இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், அழுத்தத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடும் பழக்கம் மேலே எடுபடாது. தரையில் 1 ஹெக்டோபாஸ்கல் பிழை என்றால் உயரத்தில் 8 மீட்டர் பிழை. 20 கிலோமீட்டரில் அதே பிழை நூறு மீட்டரைத் தாண்டும், 30 கிலோமீட்டரில் அரை கிலோமீட்டர் ஆகிவிடும். இந்த விலையில் ஒன்றிரண்டு ஹெக்டோபாஸ்கல் பிழை சகஜம். ஏவுவதற்கு முன் தரையில் நம்பகமான அழுத்தமானியோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கழித்தால் அதில் கணிசமான பகுதி போய்விடும். மீதிக்கு, உயரத்தை ஜிபிஎஸ்ஸிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: சென்ற முறை எங்கள் ஜிபிஎஸ் சரியாக 12 கிலோமீட்டரில் உயரம் காட்டுவதை நிறுத்திவிட்டது, இறங்கும்போது மறுபடி வேலை செய்தது. குளிரில் கெட்டுப்போயிருக்குமா? விலை கூடியதாக வாங்க வேண்டுமா?

கெடவில்லை, வேறு வாங்கவும் வேண்டாம். 12 கிலோமீட்டர் என்று நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. யூ-பிளாக்ஸ் சில்லு வைத்த ஜிபிஎஸ் தொகுதிகள் தொடக்கத்தில் 'கையில் எடுத்துச் செல்லும் கருவி' என்ற இயக்க மாதிரியில் இருக்கும், அதன் உயர வரம்பு 12,000 மீட்டர். அதை 'வான்வழி, 1ஜி' மாதிரிக்கு மாற்றும் கட்டளையை அனுப்பினால் வரம்பு 50 கிலோமீட்டர் ஆகிவிடும். மின்சாரம் ஒரு நொடி துண்டித்தாலும் அமைப்பு பழையபடி மாறக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் கட்டளையை அனுப்பி, ஏற்றுக்கொண்டதா என்று திரும்பக் கேட்டுப் பார்க்கும்படி நிரல் எழுதுங்கள்.

12க்குப் பதில் 18 கிலோமீட்டரில் நின்றிருந்தால் காரணம் வேறு. ஏவுகணைகளில் பயன்படாமல் இருக்க, 18,000 மீட்டர் உயரம், நொடிக்கு சுமார் 515 மீட்டர் வேகம் என்று ஒரு பழைய கட்டுப்பாடு உண்டு. இரண்டையும் ஒருசேரத் தாண்டினால்தான் சில தொகுதிகள் நிற்கும், அவை பலூனுக்குச் சரி. உயரத்தை மட்டும் தாண்டினாலே சில நின்றுவிடும், அவற்றைத் தொடாதீர்கள். வாங்குவதற்கு முன் இதை விசாரிப்பது துல்லியத்தை விசாரிப்பதைவிட முக்கியம்.

பணம் ஒரே ஒரு கருவிக்குத்தான் இருக்கிறது என்றால் ஜிபிஎஸ்ஸைத்தான் வாங்கச் சொல்வேன். பலூன் காற்றோடு காற்றாகப் போகிறது, ஆகவே அது நகர்ந்த திசையும் வேகமும்தான் அந்த உயரத்துக் காற்றின் திசையும் வேகமும். பெட்டி ஊசலாடுவதால் வரும் சின்ன அலைவுகளை அரை நிமிடச் சராசரி எடுத்து நீக்கிவிட்டால், தரையிலிருந்து 30 கிலோமீட்டர் வரை காற்றின் முழுப் படம் கிடைக்கும். ஒரு அமெச்சூர் கருவி தரக்கூடிய தரவிலேயே அதிகம் நம்பத்தக்கது இது என்பது என் கருத்து. வானிலை நிலையங்கள் பலூனில் கட்டி அனுப்பும் அளவுக் கருவியான ஆர்எஸ்41 ரேடியோசோண்டில் எஸ்ஜி என்ற வகைக்கு அழுத்த சென்சாரே கிடையாது தெரியுமா? ஜிபிஎஸ் உயரம், வெப்பநிலை, ஈரப்பதம் மூன்றையும் வைத்து அழுத்தத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறார்கள். நீங்களும் செய்யலாம், எம்எஸ்5611 சொல்வது சரியா என்று பார்க்க நல்ல வழி அது.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. மாணவர்கள் அனுப்பிய பலூனில் 17 கிலோமீட்டர் வரை குளிர் கூடிக்கொண்டே போய், அதற்கு மேல் வெப்பநிலை ஏறத் தொடங்கிவிட்டது. சென்சார் கோளாறு என்று ஒரு பையன் சொல்கிறான், இல்லை அதுதான் உண்மை என்கிறாள் இன்னொரு மாணவி. யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம் டீச்சர். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

மாணவி சொல்வது: ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற அடுக்கில் ஓசோன் புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதால் மேலே போகப் போக வெப்பநிலை உண்மையாகவே ஏறுகிறது. வெப்பமண்டலப் பகுதியில் 16, 17 கிலோமீட்டரில் மைனஸ் 80ஐ ஒட்டிப் போய்விட்டு அங்கிருந்து திரும்பும். நடு அட்சரேகைகளில் 11 கிலோமீட்டர் வாக்கிலேயே மைனஸ் 56ஐத் தொட்டு, 20 வரை அப்படியே நின்று, பிறகு கிலோமீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் ஏறுவதாகப் பொதுக் கணக்கு.

பையன் சொல்வது: பகலில் விட்டால் சென்சார் மீதே வெயில் படுகிறது. தரையில் அந்தச் சூட்டைச் சுற்றியுள்ள காற்று எடுத்துச் சென்றுவிடும். 25 கிலோமீட்டரில் காற்றின் அடர்த்தி தரையில் உள்ளதில் முப்பதில் ஒரு பங்குதான், எடுத்துச் செல்ல அங்கே போதுமான காற்று இல்லை. அதனால் சென்சார் காற்றின் வெப்பநிலையை விட்டுவிட்டுத் தன் வெப்பநிலையைச் சொல்லத் தொடங்கும், உயரம் கூடக் கூடப் பிழையும் கூடும். உங்கள் பதிவில் மைனஸ் 70களிலிருந்து 30 கிலோமீட்டரில் பூஜ்ஜியத்துக்கு வந்திருந்தால் பெரும்பகுதி வெயிலின் வேலை.

உங்கள் வகுப்பில் நடந்த இதே விவாதம் நூறு வருடத்துக்கு முன்னால் அறிவியலிலேயே நடந்தது. லியோன் தெய்சரென்க் தெ போர் என்ற பிரெஞ்சு வானிலையாளர் இருநூறுக்கும் மேற்பட்ட பலூன்களை அனுப்பினார். ஒரு உயரத்துக்கு மேல் குளிர் கூடுவது நின்றுபோவதைப் பார்த்து, இது வெயிலால் வந்த பிழையோ என்று சந்தேகப்பட்டு, இரவிலும் பலூன் விட்டுப் பார்த்தார். இரவிலும் அதே முடிவு வந்தது. 1902ல் ஸ்ட்ராட்டோஸ்பியரைப் பற்றி அறிவித்தார். உங்கள் மாணவர்களிடம் இதைச் சொல்லுங்கள், அவர்கள் கேட்டது அவ்வளவு நல்ல கேள்வி. முடிந்தால் அடுத்த பலூனைச் சூரியன் மறைந்த பிறகு விடுங்கள்.

இனி வெப்பநிலைச் சென்சார். எல்லோரும் வாங்கும் டிஎஸ்18பி20 மைனஸ் 55 வரை மட்டுமே அளக்கும், அந்தக் கடைசியில் பிழை 2 டிகிரி வரை போகலாம் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. நீர் புகாத உலோக உறை போட்டது இன்னும் மோசம், ஏனென்றால் அது மெதுவானது. பலூன் நொடிக்கு 5 மீட்டர் ஏறுகிறது, கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி குளிர்கிறது என்றால் நிமிடத்துக்கு 2 டிகிரி மாறுகிறது. ஒரு நிமிடம் பின்தங்கும் சென்சார் எப்போதும் 2 டிகிரி தப்பாகவே சொல்லும், காற்று மெலிந்த இடத்தில் இன்னும் பின்தங்கும்.

கடுகளவு கண்ணாடி மணி தெர்மிஸ்டர் (வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் உறுப்பு) வாங்குங்கள். சின்னதாக இருந்தால் சீக்கிரம் குளிரும், வெயிலும் குறைவாகப் பிடிக்கும், விலையும் குறைவு. ஆனால் 25 டிகிரியில் 10 கிலோஓம் உள்ள தெர்மிஸ்டர் மைனஸ் 80ல் பல மெகாஓம் ஆகிவிடும், சாதாரண மைக்ரோகன்ட்ரோலரால் அதைச் சரியாக அளக்க முடியாது. 1 அல்லது 2 கிலோஓம் தெர்மிஸ்டராகப் பார்த்து வாங்கி, அதோடு தொடராக இணைக்கும் மின்தடையைக் குளிர்ப் பகுதிக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுங்கள். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் பிடி1000 என்ற பிளாட்டின மென்படலச் சென்சாரும் அதைப் படிக்கும் மேக்ஸ்31865 போர்டும் வாங்கலாம், அது கணக்குப் போட எளிது.

பொருத்தும் விதத்தில்தான் பாதி வெற்றி. காற்றோட்டத் துளை போட்ட பெட்டிக்குள் வைக்காதீர்கள், பெட்டிச் சுவரின் சூட்டைத்தான் அது சொல்லும். மெல்லிய குச்சியில் பெட்டியிலிருந்து ஒரு சாண் தூரமாவது வெளியே நீட்டி வையுங்கள். பலூனின் தோல் வெயிலில் சூடாகி, அதை உரசி வரும் காற்று கீழே பெட்டி மீது விழும், ஆகவே பலூனுக்கும் பெட்டிக்கும் நடுவே 20, 30 மீட்டர் கயிறு வேண்டும். பளபளப்பான மெல்லிய அலுமினியப் பூச்சு வெள்ளை பெயிண்டைவிட நல்லது. வெள்ளை பெயிண்ட் வெயிலைத் திருப்பும், ஆனால் அகச்சிவப்பில் வெப்பத்தைத் தாராளமாக வெளியே விடும், இரவில் அது காற்றைவிடக் குளிர்ந்துபோகும்.

மாணவர்களுக்குப் பிடிக்கும் ஒரு சோதனை: ஒரே மாதிரி இரண்டு தெர்மிஸ்டர், ஒன்று பளபளப்பு, ஒன்று கறுப்பு, பக்கத்துப் பக்கத்தில். தரையில் நிழலில் இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லும். மேலே போகப் போக எவ்வளவு விலகுகின்றனவோ அதை வைத்து வெயிலின் பிழையை மதிப்பிடலாம். வாங்கும் பணத்தில் விலை கூடிய ஒரு சென்சாரைவிட மலிவான இரண்டு நமக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

கேள்வி: ஈரப்பதத்துக்கு எது நல்லது?

எஸ்ஹெச்டி31 அல்லது 35. ஆனால் 7, 8 கிலோமீட்டருக்கு மேல் எதையும் நம்பாதீர்கள். இந்தச் சென்சார்களில் ஒரு பாலிமர் படலம் ஈரத்தை உறிஞ்சி வெளிவிட வேண்டும், அறையில் அதற்குச் சில நொடிகள், மைனஸ் 60ல் நிமிடக் கணக்கு. ஸ்ட்ராட்டோஸ்பியரில் நீராவி பத்து லட்சத்தில் நாலைந்து பங்குதான், அதற்கு உறைபனிப்புள்ளி அளக்கும் கருவி வேண்டும், அது நம் பட்ஜெட்டில் வராது. இன்னொன்று, சென்சார் சொல்லும் சதவீதம் திரவ நீரைக் கணக்கில் வைத்தது. மைனஸ் 40ல் பனிப் படிகங்களோடு சமநிலையில் இருக்கும் காற்றுக்கு அது சுமார் 68 சதவீதம் காட்டும், மேகத்துக்குள் போயும் 100 வரவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

கேள்வி: ஓசோன், கார்பன் டை ஆக்சைடு, தூசு மூன்றையும் அளக்க மலிவான தொகுதிகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒரே பலூனில் அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். ஓசோனுக்கு விற்கும் எம்க்யூ131 சூடாக்கிய உலோக ஆக்சைடை நம்பி இயங்குவது. வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் எது மாறினாலும் அதன் அளவு மாறும், மேலே மூன்றும் ஒன்றாக மாறுகின்றன. பலூனில் ஓசோனை அளக்கும் உண்மையான கருவியான ஓசோன்சோண்டில் காற்றை இழுக்கச் சின்ன பம்பும் வேதிக் கலமும் இருக்கும். கார்பன் டை ஆக்சைடு சென்சார்கள் அகச்சிவப்பு உறிஞ்சலை வைத்து மூலக்கூறுகளை எண்ணுகின்றன, அழுத்தம் குறைந்தால் எண்ணிக்கை தானாகக் குறையும். எஸ்சிடி30, எஸ்சிடி41 இரண்டிலும் அழுத்தத் திருத்தம் 700 ஹெக்டோபாஸ்கலுக்குக் கீழே இல்லை, அதாவது 3 கிலோமீட்டரோடு சரி. தூசு சென்சாரின் குட்டி விசிறி தரையின் காற்றுக்காக அளவிடப்பட்டது.

ஓசோன் மீது உண்மையிலேயே ஆர்வம் என்றால் சுற்றுவழி ஒன்று உண்டு. புற ஊதா ஒளியை அளக்கும் போட்டோடயோடு, ஜியுவிஏ-எஸ்12எஸ்டி மாதிரி ஒன்றை, மேல்நோக்கி வையுங்கள். 20லிருந்து 25 கிலோமீட்டர் வாக்கில் ஓசோன் அடர்த்தியாக இருக்கும் அடுக்கைத் தாண்டும்போது, குறிப்பாக அலைநீளம் குறைந்த பகுதியில், ஒளி கூடுவதைப் பார்க்கலாம். அளவு துல்லியமாக வராது, போக்கு தெரியும். பெட்டி சுழல்வதால் எண்கள் ஏறி இறங்கும், ஒளியைப் பரப்பும் மெல்லிய டெஃப்லான் தகட்டை மேலே வைத்தால் குறையும்.

கேள்வி: கதிர்வீச்சை எண்ணும் கைகர் குழாய் வைத்து, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிரை அளக்க ஆசை. எஸ்பிஎம்-20 என்ற குழாய் கிடைத்திருக்கிறது. ஏதாவது எச்சரிக்கை?

ரொம்ப நல்ல தேர்வு. 1912ல் விக்டர் ஹெஸ் மனிதர் ஏறும் பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேலே போய், கதிர்வீச்சு உயரத்தோடு கூடுவதைக் கண்டறிந்தார். 1936ல் அதற்கு நோபல் பரிசு. 1930களில் ரெகனர், ஃபோட்சர் இருவரும் சுமார் 20 கிலோமீட்டரில் அது உச்சத்தைத் தொட்டு, அதற்கு மேல் குறைவதைக் காட்டினார்கள். அந்த உச்சத்தை உங்கள் சொந்த வரைபடத்தில் பார்க்க முடியும், இந்த விலையில் இதைவிடத் தெளிவான அறிவியல் முடிவைத் தரும் சென்சார் எனக்குத் தெரிந்து இல்லை.

எச்சரிக்கை ஒன்று உண்டு, முக்கியமானது. குழாய்க்கு 400 வோல்ட் வேண்டும். காற்றின் வழியே மின்பொறி பாய்வதற்குத் தேவையான மின்னழுத்தம் காற்று மெலிந்தால் குறைந்துகொண்டே வரும், குறைந்தபட்சம் சுமார் 327 வோல்ட். 30 கிலோமீட்டரில் அந்தக் குறைந்தபட்ச நிலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் வந்துவிடுகிறது, சர்க்யூட்டில் சால்டர் புள்ளிகளுக்கு இடையே இருப்பது அவ்வளவுதான். தரையில் அருமையாக வேலை செய்த போர்டு மேலே பொறி விட்டு, அதையும் கதிர் என்று எண்ணும். உயர் மின்னழுத்தப் பகுதி முழுவதையும் எபாக்ஸியோ மின்காப்பு சிலிக்கோனோ போட்டுக் காற்றுக்குமிழி இல்லாமல் மூடிவிடுங்கள்.

10 நொடிக்கு ஒருமுறை எண்ணிக்கையைப் பதிவு செய்து, பிறகு நிமிடக் கணக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தரையில் நிமிடத்துக்கு 20 எண்ணிக்கை வந்தால் அதில் நாலைந்து கூடக்குறைய இருப்பது இயல்பு, அதைப் பார்த்துக் குழாயை மாற்றாதீர்கள்.

கேள்வி: பலூன் விட எங்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. தரையில் இருந்தபடியே மேல் வளிமண்டலத்தை அளக்க வழி உண்டா?

உண்டு. அனுமதியில்லாமல் விடாமல் இருந்ததற்கு நன்றி, விமானப் போக்குவரத்துத் துறையின் விதி விளையாட்டல்ல.

சொல்லப்போனால் பலூன் தொடவே முடியாத உயரத்தைத் தரையிலிருந்து அளக்கலாம். சூரியக் கதிரால் காற்று மின்னேற்றம் பெற்றிருக்கும் அயனி மண்டலத்தின் அடிப்பகுதியான டி அடுக்கு 60 முதல் 90 கிலோமீட்டரில் இருக்கிறது. நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசுவதற்கென்று இயங்கும் சில நிலையங்கள் 20 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் இரவும் பகலும் ஒலிபரப்புகின்றன, அந்த அலை தரைக்கும் டி அடுக்குக்கும் நடுவே பயணிக்கிறது. மரச்சட்டத்தில் சுற்றிய கம்பிச் சுருள் ஆன்டெனா, சின்ன ஆம்ப்ளிஃபையர், 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யும் கணினி ஒலி அட்டை, இவ்வளவுதான் சென்சார். சூரியனில் பெரிய வெடிப்பு நடந்தால் எக்ஸ் கதிர் வந்து டி அடுக்கை மாற்றும், உங்கள் வரைபடம் நிமிடங்களுக்குள் துள்ளும். அமெரிக்காவின் கோஸ் வானிலைச் செயற்கைக்கோள்களின் எக்ஸ் கதிர் பதிவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, அதோடு நேரத்தை ஒப்பிடுங்கள். ஆன்டெனாவை எல்இடி விளக்கு, சார்ஜர் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி வையுங்கள், செலவைவிட இடம்தான் இதில் பிரச்சினை.

கேள்வி: ஏவுவதற்கு முன் சென்சார்களை வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

பனிக்கட்டி மிதக்கும் நீரில் 0 டிகிரி, உலர்பனியில் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) மைனஸ் 78, இந்த இரண்டு புள்ளிகளையும் பாருங்கள். உலர்பனியை வெறுங்கையால் தொடாதீர்கள், மூடிய அறையிலோ இறுக மூடிய டப்பாவிலோ வைக்காதீர்கள். முழுப் பெட்டியையும் குளிரில் மூன்று மணி நேரம் ஓடவிடுங்கள், ஏறுவதற்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பதிவு வந்த பிறகு, பக்கத்து வானிலை நிலையத்தின் ரேடியோசோண்ட் அளவோடு ஒப்பிடுங்கள். உலக நேரப்படி 0 மணி, 12 மணி இரண்டையும் ஒட்டி அவற்றை விடுகிறார்கள், வயோமிங் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் தரவு கிடைக்கும். உங்கள் பலூனையும் அந்த நேரத்தை ஒட்டியே விட்டால் விலை கூடிய கருவி ஒன்று இலவசமாகக் கூட வந்த மாதிரி.

கேள்வி: பேட்டரி?

ரீசார்ஜ் செய்ய முடியாத லித்தியம் ஏஏ செல்கள், அவை மைனஸ் 40 வரை தாங்கும். சாதாரண ஆல்கலைன் மைனஸ் 20க்கு முன்பே தளர்ந்துவிடும், லித்தியம் பாலிமரும் அதே வாக்கில்தான். தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தால் உள்ளே இருக்கும் சூடே ஓரளவு காப்பாற்றும். பவர் பேங்க் வேண்டாம், நம் சென்சார்கள் எடுக்கும் மின்னோட்டம் அதற்குப் போதாமல் பலவும் நடுவழியில் தானாக அணைந்துவிடும்.